பரண் எலி வேண்டாம், நன்றி

சரி, எல்லோரும் சிரித்து முடித்தாயிற்றா?

திங்கட்கிழமை நான் போட்ட நாலு வரிப் பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "எலி வேணுமாம், எங்க வீட்டுப் பரண்ல பத்து இருக்கு, வந்து புடிச்சுக்கச் சொல்லுங்க" என்று அண்ணன் ஒருவர் தன் பக்கத்தில் போட்டார். 300 சொச்சம் சிரிப்பு எமோஜி. அதில் 11 பேர் என் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதியவர்கள். ஆமாம், உட்கார்ந்து எண்ணினேன்.

கடலை, பொரி இரண்டும் நான் வளர்த்த பெண் எலிகள். நான் எழுதியது இவ்வளவுதான். கடலை போய்விட்டாள். பொரி தனியாக இருக்கிறாள். சென்னைக்குள் யாரிடமாவது இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பெண் குட்டிகள் இரண்டு இருந்தால் சொல்லுங்கள். இதில் எனக்கு எலி வேண்டும் என்று எங்கே இருக்கிறது? பொரிக்கு வேண்டும் என்று கேட்டேன். எனக்கு இல்லை, பொரிக்கு.

அப்புறம், அது பொரி. இடையின ரி. வல்லின றி போட்டு "பொறி" என்று எழுதுகிறீர்களே, அது அவளைப் பிடிப்பதற்கு வைப்பது.

"எலியை அவள் இவள் என்கிறாயே, அஃறிணை தெரியாதா" என்று ஒரு தமிழாசிரியர் உள்பெட்டிக்கே வந்துவிட்டார். ஐயா, பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்று சொல்வது திணை வழுவமைதி என்று உங்களைப் போன்ற ஒருவர்தான் எனக்குப் பத்தாம் வகுப்பில் நடத்தினார். உவப்பினால் வந்தது. பசுவுக்கு உண்டு, எலிக்குக் கிடையாது என்று சூத்திரம் இருந்தால் அனுப்புங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். எலி தனியாக வாழ்கிற பிராணி இல்லை. ஒன்றின் மேல் ஒன்று குவியலாகப் படுத்துத்தான் தூங்கும். ஒன்றின் கழுத்தை இன்னொன்று கோதிவிடும். சுவிட்சர்லாந்தில் எலியை ஒற்றையாக வளர்க்கக் கூடாது என்று 2008-இல் சட்டமே போட்டுவிட்டார்கள். "அதான் நீ இருக்கிறாயே" என்கிறீர்கள். நான் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பி ஏழு மணிக்கு வருகிறேன். பொரி விழித்திருப்பது ராத்திரியில், நான் குறட்டை விடும்போது. சரி, வேலையை விட்டுவிட்டுக் கூண்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எலி சந்தோஷத்தில் எழுப்பும் சத்தம் 50 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் இருக்கும். மனிதக் காது 20-லேயே நின்றுவிடும். அவள் பேசுவதில் பாதி எனக்குக் கேட்கவே கேட்காது. அதைக் கேட்டுப் பதில் சொல்ல இன்னொரு எலிதான் வேண்டும். அதைத்தான் கேட்டேன்.

பரண் எலி ஏன் ஆகாது? கிண்டலுக்குத்தான் கேட்டார்கள், பரவாயில்லை, சொல்கிறேன். வீட்டில் வளர்ப்பது பழுப்பு எலியின் வம்சம். பரணில் ஓடுவது பெரும்பாலும் வேறு இனம். இரண்டையும் ஒரே கூண்டில் விட்டால் துணை கிடைக்காது, ரத்தம்தான் கிடைக்கும்.

கடலை எப்படிப் போனாள் என்று முதல் பதிவில் எழுதவில்லை. மூச்சுக் கோளாறு. எலிகளுக்கு மைக்கோபிளாஸ்மா என்று ஒரு கிருமி உண்டு. பல எலிகளுக்குள் சும்மாவே இருக்கும், வயதானதும் எழுந்துகொள்ளும். கடைசி வாரம் மூச்சு விடும்போது சின்ன விசில் மாதிரி வந்தது. மருத்துவமனை வரவேற்பறையில் "எலிக்கா ஃபைல் போடணும்?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்து இருக்கையைப் பார்த்துச் சிரித்தார்கள். அதற்கும் நான் கோபப்படவில்லை. பழகிவிட்டது.

அவள் இறந்த பிறகு அரை மணி நேரம் கூண்டுக்குள்ளேயே வைத்திருந்தேன். கூட இருந்தது எங்கே என்று மற்றது தேடாமல் இருக்க அப்படிச் செய்வார்கள். பொரி வந்து முகர்ந்தாள். காதை இரண்டு முறை நக்கினாள். அப்புறம் போய்த் தண்ணீர் குடித்தாள். அவ்வளவுதான். சினிமா மாதிரி எதுவும் நடக்கவில்லை. மூன்றாம் நாள்தான் தட்டில் போட்ட கம்புத் தானியத்தைத் தின்னாமல் அப்படியே வைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்தாள். கண்ணைச் சுற்றிச் சிவப்பாகக் கசிந்து காய்ந்திருந்தது. ரத்தம் இல்லை, கண்ணுக்குப் பின்னால் இருக்கும் சுரப்பியிலிருந்து வரும் நிறமி. உடம்பு சரியில்லை என்றாலோ மன உளைச்சல் என்றாலோ அதிகம் வரும். நன்றாக இருக்கும் எலி தானே துடைத்துக்கொள்ளும். இவள் துடைக்கவில்லை. வெந்நீரில் பஞ்சை நனைத்து நான்தான் துடைத்தேன்.

அதைப் பார்த்துவிட்டு "பாவம்டி, ஒத்தையா உட்கார்ந்திருக்கு, இன்னொண்ணு பாரு" என்று சொன்னது யார் தெரியுமா? என் அம்மா. நாற்பது வருடம் எலியோடு யுத்தம் நடத்தியவர். தேங்காய்ச் சில்லை அடுப்பில் சுட்டுப் பொறியில் மாட்டுவார். ராத்திரி டப்பென்று சத்தம் கேட்டால், காலையில் வாளித் தண்ணீர். இப்போது அதே கையால் பொரிக்குத் தயிர்சாதம் பிசைகிறார், உப்பில்லாமல்.

"உன் சமையலறையில் எலி வந்தால் பொறி வைக்க மாட்டாயா?" வைப்பேன். போன மழைக்குப் பெருச்சாளி உள்ளே வந்தபோது வாட்ச்மேனைக் கூப்பிட்டது நான்தான். முரண்தான். கோழிக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டே லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்களிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. எலிக்காய்ச்சல்? அது தொற்று கண்ட பிராணியின் சிறுநீரால் வருவது. நாயாலும் மாட்டாலும்கூட வரும். கை கழுவுகிறேன், போதுமா. "சோறில்லாமல் எத்தனை பேர் இருக்கிறார்கள்" என்றவருக்கு: அவள் மாதம் சாப்பிடுவது ஒரு கிலோகூட இல்லை. உங்கள் கையில் இருக்கும் ஃபோன் எத்தனை மூட்டை அரிசி?

ஒரே ஒரு கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு அக்கா கேட்டார்: "பொரிக்கே இரண்டு வயது ஆகப்போகிறது. எலி வாழ்வதே இரண்டு, மூன்று வருடம். அவளும் போனால் புதிதாக வந்தது தனியாகிவிடும். அதற்கு ஒன்று வாங்குவாய். இது எங்கே முடியும்?" அதனால்தான் ஒன்று கேட்காமல் இரண்டு கேட்டேன். குட்டிகள் தங்களுக்குள் விளையாடிக்கொள்ளும், கிழவியை ரொம்பப் படுத்தாது. பிறகு அந்த இரண்டில் ஒன்று போகுமே? போகும். அக்கா சொல்வது சரிதான். கூட்டமாக எலி வளர்க்கும் வீட்டில் பொரியைச் சேர்த்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். அதையும் யோசித்தேன். கொடுக்க மனம் வரவில்லை. பொரிக்காக, பொரிக்காக என்று இவ்வளவு சொன்னவள் இந்த ஒரு இடத்தில் மாட்டிக்கொள்கிறேன், தெரிகிறது.

2011-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு எலியைச் சின்ன அடைப்பில் பூட்டிவிட்டு, அதனோடு வாழ்ந்த எலியை வெளியே விட்டுப் பார்த்தார்கள். வெளியே இருந்தது சில நாளில் கதவைத் திறக்கக் கற்றுக்கொண்டது. பக்கத்தில் சாக்லேட் வைத்த அடைப்பு இருந்தும் கூட்டாளியையும் திறந்துவிட்டது, சாக்லேட்டிலும் பங்கு கொடுத்தது. அந்த 11 பேரை நினைத்துக்கொண்டேன்.

அண்ணே, பெயர் போடவில்லை, உங்களுக்கே தெரியும். போன வருடம் உங்கள் லாப்ரடார் இறந்த ராத்திரி அடையாறிலிருந்து அம்பத்தூர் வரை வந்தேன். நீங்கள் குழி வெட்ட, நான் டார்ச் பிடித்தேன். "இன்னொண்ணு வாங்கிக்கங்க" என்று நான் ஒரு வார்த்தை சொன்னேனா? 30 கிலோ என்றால் மாலை, 300 கிராம் என்றால் எமோஜியா? நீங்கள் அதை டெலிட் செய்ய வேண்டாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அவ்வளவுதான். கடலையை நீங்கள் தோளில் வைத்து எடுத்த படம் இன்னும் என் ஃபோனில் இருக்கிறது.

300 சிரிப்புக்கு நடுவே ஒரு கல்லூரிப் பெண் மட்டும் கேள்வி கேட்காமல் தொலைபேசி எண் அனுப்பினாள். தாம்பரம் பக்கம். அவள் வீட்டில் குட்டி போட்டு ஆறு வாரம். சனிக்கிழமை போகிறேன். இரண்டு வாரம் வேறு அறையில் வைத்து, நோய் இல்லை என்று பார்த்துவிட்டு, பிறகு யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் அறிமுகம் செய்ய வேண்டும். குளியலறைத் தரை என்று முடிவு செய்திருக்கிறேன். அதற்குள் கூண்டில் பழைய வாசனையே இல்லாதபடி எல்லாவற்றையும் வினிகர் போட்டுக் கழுவ வேண்டும். இன்று கம்பி, தட்டு, ஏணி, தண்ணீர்ப் பாட்டில் எல்லாம் கழுவினேன். என் பழைய சுடிதாரின் கையை வெட்டித் தொங்கவிட்ட தூளி ஒன்று உண்டு, இரண்டு பேரும் அதில்தான் படுப்பார்கள். அதை மட்டும் இன்னும் எடுக்கவில்லை. பொரி உள்ளே தூங்குகிறாள். ஒரு ஓரமாக, முன்பு படுக்கும் அதே அளவு இடத்தில்.