பொத்தான் காத்திருக்கலாம், தாளம் காத்திருக்குமா?

நிமிடத்துக்கு 120 தாள அடி என்ற வேகத்தில் வாசிக்கும்போது, ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் இருப்பது 500 மில்லிசெகண்ட் மட்டுமே. வாசிப்பதைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் என் லூப் பெடலோ, காலால் அழுத்தும் கணத்தில் பதிவைத் தொடங்காமல், காலை எடுத்த பிறகுதான் தொடங்குகிறது. பதிவு, ஒலிப்பு, பதிந்ததன் மேலேயே இன்னொன்றைப் பதியும் மேற்பதிவு, நிறுத்தம், அழிப்பு என ஐந்து வேலைகளையும் ஒரே பொத்தானின் தலையில் கட்டிவிட்டதால், விழுந்தது ஒற்றைத் தட்டா, இரட்டைத் தட்டா, நீண்ட அழுத்தமா என்று அது தீர்மானிப்பதற்குள் கிதாரின் முதல் சுரம் பறிபோய்விடுகிறது. எத்தனை முறைதான் மீண்டும் வாசிப்பது?

நிறுத்துவது இன்னும் கொடுமை. இரண்டாவது தட்டு விழும் வரை சுழற்சி ஓடிக்கொண்டே இருப்பதால், அடுத்த சுற்றின் முதல் சுரம் அரைகுறையாகத் தலைகாட்டி, பாடல் முடிந்தபின் வரவேண்டிய மௌனத்தைக் கெடுக்கிறது. பொத்தானின் உலோகத் தொடுமுனைகள் சில மில்லிசெகண்ட் துள்ளி, ஒரே அழுத்தத்தைப் பல அழுத்தங்களாகக் காட்டும் என்பது உண்மைதான். ஆனால் முதல் தொடுகையிலேயே செயல்பட்டுவிட்டு, பின்வரும் துள்ளல்களைப் புறக்கணிக்க மென்பொருளுக்கு என்ன தடை? அழுத்தியவுடன் பதியத் தொடங்கி, வேண்டாத பதிவைப் பிறகு அழித்துவிடக் கூடாதா? இதை வடிவமைத்தவர்கள் ஒருமுறையாவது, இரண்டு கைகளும் கிதாரில் இருக்க, காலால் மட்டும் அழுத்திப் பார்த்தார்களா?