திருவாதிரை எப்போது வெடிக்கும் என்று கேட்காதீர்கள்

2020 ஜனவரியில் வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்திகள் பலருக்கும் நினைவிருக்கும். திருவாதிரை விண்மீன் மங்குகிறது, வெடிக்கப் போகிறது, பகலிலேயே தெரியப் போகிறது என்று ஒரே அமர்க்களம். வானியல் பற்றி எது எழுதினாலும் இன்றுவரை அதே கேள்விதான் வருகிறது: "எப்ப சார் வெடிக்கும்?"

பதிலைச் சொல்லிவிடுகிறேன். இன்னும் ஒரு லட்சம் ஆண்டுக்குள் வெடிக்கலாம். நம் ஆயுளில் நடக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு. சரி, அதை விடுங்கள். இந்தச் சில ஆண்டுகளில் அந்த விண்மீனைப் பற்றி நாம் கற்றுக்கொண்டது வெடிப்பைவிடச் சுவையான விஷயம். அதை யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை என்ற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

பீட்டல்ஜூஸ் என்று வானியலாளர்கள் சொல்வது நம் திருவாதிரையைத்தான். மார்கழியில் பொழுது சாய்ந்ததும் கிழக்கே எழும் ஓரையன் கூட்டத்தின் செந்நிற விண்மீன். சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் செவ்வாயின் பாதையையும் தாண்டிவிடும், அவ்வளவு பெரியது. அது ஏறி இறங்கி ஒளிர்கிறது என்பதை ஜான் ஹெர்ஷல் 1836-லேயே கவனித்துவிட்டார். சூரியனைத் தவிர்த்து, விட்டம் அளக்கப்பட்ட முதல் விண்மீனும் இதுதான். 1920 டிசம்பரில் மவுண்ட் வில்சனில் மைக்கல்சனும் பீஸும் செய்த வேலை அது.

2019 கடைசியில் இது வழக்கத்தைவிட அதிகமாக மங்குகிறது என்று முதலில் அறிவித்தவர்கள் எட்வர்ட் கினனும் ரிச்சர்ட் வாசடோனிக்கும். பல ஆண்டுகளாக இதே விண்மீனை விடாமல் அளந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். விண்மீனின் வெளிச்சத்தைக் குறிக்கும் எண் பொலிவெண்; எண் கூடினால் வெளிச்சம் குறைவு. வழக்கமாக 0.5 அளவில் இருக்கும் திருவாதிரையின் பொலிவெண் 2020 பிப்ரவரியில் 1.6 ஆனது. அதாவது, வழக்கமான வெளிச்சத்தில் பாதிகூட இல்லை. பழைய அளவீடுகள் கையில் இருந்ததால்தான் இது அசாதாரணம் என்று அவர்களால் துணிந்து சொல்ல முடிந்தது.

காரணம் தேடிய கதையிலும் இதேதான். சிலியில் உள்ள விஎல்டி தொலைநோக்கியில் 2019 டிசம்பரில் மிகேல் மொந்தார்ஜெஸ் குழு எடுத்த படத்தில் விண்மீனின் தென்பாதி இருண்டு கிடந்தது. அந்தப் படம் பேசியதற்குக் காரணம், அதே கருவியில் 2019 ஜனவரியில் எடுத்த படம் பக்கத்தில் இருந்தது. ஆண்ட்ரியா டுப்ரீ குழுவோ மங்கல் தொடங்கும் முன்பிருந்தே ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியில் புற ஊதா ஒளியில் திருவாதிரையைப் பார்த்து வந்தது. அதனால் 2019 செப்டம்பர் முதல் நவம்பர் வரை சூடான, அடர்ந்த வாயு வெளியே பாய்வதை நேரடியாகப் பிடிக்க முடிந்தது. அந்த வாயு வெளியே போய்க் குளிர்ந்து, தூசியாக உறைந்து, நமக்கும் விண்மீனுக்கும் நடுவே திரை கட்டியது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

இதில் எனக்கு ஆகப் பிடித்தது ஹிமாவாரி-8. ஜப்பானின் வானிலைச் செயற்கைக்கோள் அது. புயலையும் மேகத்தையும் பார்க்க அனுப்பியது. பூமியின் முழு வட்டத்தையும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படம் எடுத்து வந்தது. படத்தின் ஓரத்தில் கொஞ்சம் வெற்று வானமும் விழும். திருவாதிரை வான நடுக்கோட்டுக்கு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் போகும் கோடு) அருகில் இருப்பதால், பூமியின் விளிம்பை ஒட்டி அந்த ஓரத்துக்குள் அவ்வப்போது வந்து போகும். வானிலைக்காரர்களுக்கு அந்தப் புள்ளியால் ஒரு பயனும் இல்லை. டோக்கியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டானிகுச்சி குழு அந்த ஓரங்களைத் துழாவி, 2017 முதல் 2021 வரை திருவாதிரையின் அகச்சிவப்பு ஒளியளவை வரிசையாக எடுத்தது. தரையில் உள்ள தொலைநோக்கிகளுக்கு வருஷத்தில் சில மாதம் திருவாதிரை சூரியனுக்குப் பக்கத்தில் போய் மறைந்துவிடும். அகச்சிவப்பில் ஒரு பகுதியைக் காற்றுமண்டலமும் தடுத்துவிடும். ஹிமாவாரிக்கு அந்தத் தடைகள் இல்லை. தூசித் திரை ஒரு பங்கு, விண்மீனின் மேற்பரப்பே குளிர்ந்தது ஒரு பங்கு என்று 2022-இல் அவர்கள் முடிவு சொன்னார்கள். இதற்கென்று புதிதாக ஒரு கருவியும் செய்யவில்லை. எடுத்த படங்களை எவரோ தூக்கி எறியாமல் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் துணை விண்மீன் விவகாரம். திருவாதிரையின் ஒளி ஏறி இறங்குவதில் இரண்டு தாளங்கள் உண்டு. ஒன்று சுமார் 400 நாள். அது விண்மீனே விரிந்து சுருங்குவதால் வருவது. மற்றொன்று ஏறத்தாழ 2,100 நாள், கிட்டத்தட்ட ஆறு ஆண்டு. இந்த நீண்ட தாளம் எதனால் என்பது வெகுகாலம் புதிராகவே இருந்தது. 2024-இல் ஜேரட் கோல்ட்பெர்க் குழுவும் மோர்கன் மக்லியோட் குழுவும் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன: ஏறத்தாழ சூரியன் அளவு நிறையுள்ள சிறு விண்மீன் ஒன்று திருவாதிரையை நெருக்கமாகச் சுற்றுகிறது.

எப்படி வந்தார்கள்? ஆறு ஆண்டு தாளம் நிஜமா, தற்செயலா என்று தெரிய அது பல முறை திரும்பி வருவதைப் பார்த்தாக வேண்டும். நூறாண்டுக்கும் மேலாகச் சேர்ந்த ஒளியளவுகளும், விண்மீன் நம்மை நோக்கி வந்து விலகும் வேகத்தின் அளவீடுகளும் தேவைப்பட்டன. அந்த ஒளியளவுகளில் பெரும்பங்கு, ஏஏவிஎஸ்ஓ (ஒளி மாறும் விண்மீன்களைக் கவனிப்போரின் அமெரிக்கச் சங்கம்) என்ற அமைப்புக்கு ஆர்வலர்கள் வெறும் கண்ணால் மதிப்பிட்டு அனுப்பியவை. சம்பளம் வாங்காமல், குளிரில் மொட்டைமாடியில் நின்று "இன்று 0.6" என்று எழுதி வைத்தவர்கள். அந்த எண் எதற்குப் பயன்படும் என்று தெரியாமலேயே பலர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

2024 டிசம்பரில் துணை விண்மீன் நம் பார்வையில் திருவாதிரையின் பக்கவாட்டில் ஒதுங்கி நிற்கும் என்று கணக்கு சொன்னது. ஸ்டீவ் ஹவல் குழு அந்தச் சமயம் பார்த்து ஹவாயின் 8.1 மீட்டர் ஜெமினி வடக்குத் தொலைநோக்கியைத் திருப்பியது. சொன்ன இடத்துக்கு அருகிலேயே, திருவாதிரையைவிட ஆறு பொலிவெண் மங்கலான புள்ளி ஒன்று தென்பட்டது. ஒளியில் சுமார் 250 மடங்கு குறைவு. 2025 ஜூலையில் அறிவித்தார்கள். உடனே "கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று தலைப்புகள் பறந்தன. ஆய்வுக் கட்டுரையைப் படித்தால், சான்றின் பலம் 1.5 சிக்மாதான் என்று அவர்களே நேர்மையாக எழுதியிருக்கிறார்கள். ஒரு முடிவு தற்செயலாக இருக்க முடியாது என்பதை அளக்கும் அளவுகோல் சிக்மா; 1.5 என்பது குறைவு. அது ஒரு குறிப்பு, தீர்ப்பு அல்ல. 2027 நவம்பரில் அது மறுபடி ஒதுங்கி நிற்கும்போது இன்னொரு நல்ல வாய்ப்பு வரும்.

என் கட்சி இதுதான். பெரிய தொலைநோக்கிகள் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கதையில் பெரிய கண்ணாடியை எங்கே, எப்போது திருப்ப வேண்டும் என்று சொன்னது பழைய எண்கள். "பத்து வருஷம் ஒரே விண்மீனைப் பார்க்கப் போகிறேன்" என்று ஒரு மாணவர் சொன்னால் நாம் எத்தனை பேர் ஊக்கப்படுத்துவோம்? எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் நல்ல எட்டு அங்குலத் தொலைநோக்கி பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறது. கல்லூரியைச் சோதிக்க ஆய்வுக் குழு வரும் நாளில் துடைத்து வெளியே வைப்பார்கள். அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இந்த வேலைக்குத் தொலைநோக்கிகூட வேண்டாம். திருவாதிரை நன்றாக மேலே ஏறிய இரவில் வெளியே வாருங்கள். ஓரையனிலேயே ரைகல் (பொலிவெண் 0.1), பெல்லாட்ரிக்ஸ் (1.6), கொஞ்சம் தள்ளி நம் ரோகிணி (0.9), கிழக்கே புரோசியான் (0.4). திருவாதிரை இவற்றில் எந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, எதற்கு அருகில் என்று பாருங்கள். அடிவானத்தை ஒட்டிய விண்மீனோடு ஒப்பிடாதீர்கள். காற்று அதை மங்கலாக்கிவிடும். சிவப்பு விண்மீனை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் இருப்பதைவிட வெளிச்சமாகத் தெரியும், அதனால் சட்சட்டென்று மாற்றிப் பாருங்கள். தேதி, நேரம், மதிப்பு. ஏஏவிஎஸ்ஓ தளத்தில் இலவசமாகக் கணக்குத் தொடங்கி அனுப்பலாம்.

பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள் யாராவது இதைத் தொடங்க நினைத்தால் கமெண்ட்டில் சொல்லுங்கள். ஒப்பீட்டு விண்மீன்களைக் குறித்த வரைபடம் ஒன்று போட்டு அனுப்புகிறேன். 2027 நவம்பருக்கு முன்னால் தொடங்கினால் இன்னும் நல்லது.