வங்காளம் பிற்பாடு வந்ததல்ல
கல்கத்தாவின் ஹேர் பள்ளி, இந்துப் பள்ளி இரண்டிலும் முதலில் ஆங்கிலம் மட்டும்தான், வங்காளம் ரொம்பப் பிற்பாடுதான் நுழைந்தது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. என்னால் ஏற்க முடியவில்லை. இந்துப் பள்ளிக்கு மூலமான இந்துக் கல்லூரி 1817-இல் ஆங்கிலக் கல்விக்காகத் தொடங்கியது, சரி. ஆனால் அதற்கு முன்னின்ற அதே டேவிட் ஹேர்தான் கல்கத்தாவின் ஆர்ப்புலிப் பகுதியில் வங்காளப் பாடசாலையையும் கவனித்துக்கொண்டார். அங்கே நன்றாகப் படித்த பையன்களையே ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அப்புறம் 1840-இல், வங்காளத்திலேயே பாடம் நடத்த இந்துக் கல்லூரியை ஒட்டி ஒரு பாடசாலை திறந்தார்கள். அதற்கு அடிக்கல் நாட்டியவரும் ஹேர்தான். ஸ்காட்லாந்திலிருந்து கடிகாரம் செய்து பிழைக்க வந்த மனிதர், பள்ளி வாசலில் துண்டோடு நின்று அழுக்காக வரும் பிள்ளைகளைத் துடைத்துவிடுவாராம். கல்கத்தாவின் காலேஜ் ஸ்கொயரில் அவர் சமாதியைப் பார்த்தபோது எனக்கு அந்தத் துண்டுதான் நினைவுக்கு வந்தது.