பெயர் வெளியே வராதவர்கள்
மண்ணையும் ஊரையும் மீட்டெடுக்கும் கல்வியைப் பற்றி நான் வாசித்த ஒரு கட்டுரை, அதற்கான நிறுவனங்களைத் தொடங்கியவர்களைப் பேசுவதோடு நின்றுவிட்டது குறையாகவே படுகிறது. கரூர் மாவட்டம் கடவூர்ப் பகுதியில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் உருவாக்கிய ‘வானகம்’ என்ற பயிற்சிப் பண்ணையையே எடுத்துக்கொள்வோம்: 2013 டிசம்பர் 30-இல் அவர் மறைந்த பிறகும், அந்த வறண்ட நிலத்தில் மழைநீரைத் தேக்கவும் இலைதழைகளால் மண்ணை மூடி ஈரம் காக்கும் மூடாக்கு இடவும் கற்றுத்தரும் பணி ஓயவில்லையென்றால், அதைத் தாங்குபவர்கள் பயிற்றுநர்களும் தன்னார்வலர்களும்தான். (அங்கே தங்கிப் பயின்று வந்த எங்கள் பங்காளி மகன் தென்னந்தோப்பில் மட்டைகளைப் பரப்பியபோது, என் தந்தையார் "தோட்டமா, குப்பைமேடா?" என்றார், கோடையில் ஈரம் நின்றதைக் கண்ட பின் வாயடைத்துப் போனார்.) கல்வியாளர் அவினாசிலிங்கம் 1930-இல் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் என்ற கல்வி நிறுவனத்தையும் கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்தில் வளர்த்தெடுத்தவர்கள் அப்படிப் பெயர் வெளியே வராத ஆசிரியர்களே. அடுத்த கட்டுரையில் கட்டுரையாளர் அவர்களிடம் பேச வேண்டும். அந்த நிறுவனங்களின் சமையற்கட்டில் இருப்பவர்களையும் விட்டுவிடக் கூடாது.