நம் நாட்டில் சதிப்புரட்சி முயற்சியே நடந்ததில்லையா?

தம்பி, "இலங்கை இராணுவம் ஆட்சியைப் பிடிக்க நினைத்ததே இல்லை, அதனால் தோட்ட வேலைநிறுத்தத்தைச் சமாளிக்க ஆமியைக் கூப்பிடுவதில் ஆபத்தில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதியே தவறு.

1962 ஜனவரி 27 இரவு சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசைக் கவிழ்க்க இராணுவ, பொலிஸ் அதிகாரிகள் சிலர் திட்டம் போட்டிருந்தார்கள். பொலிஸுக்குள்ளிருந்தே தகவல் கசிந்ததால்தான் அது நடக்கவில்லை. அவர்களைத் தண்டிக்க அரசு முன்தேதியிட்டுத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் செல்லாது என்று, அப்போது இலங்கையின் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், தண்டிக்கப்பட்ட 11 பேரையும் 1965 டிசம்பரில் விடுவித்தது. அதாவது சதி தோற்ற பிறகும் பாராளுமன்றம், நீதித்துறை இரண்டுக்கும் அடி விழுந்தது.

அப்புறம், ஆட்சியைப் பிடித்தால்தான் ஆபத்து என்றில்லை. பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, அவசரகால நிலை இல்லாமலேயே ஜனாதிபதி ஒரு வர்த்தமானி மூலம் படையை வீதிக்கு இறக்கலாம். 2019 ஆகஸ்டில் அவசரகால நிலை முடிந்த கையோடு அப்படித்தான் செய்தார்கள்.

இறக்கினால் என்ன ஆகும்? 2013 ஆகஸ்ட் 1, கம்பஹா மாவட்டத்து வெலிவேரியவில் மக்கள் கேட்டது சுத்தமான குடிநீர். வந்தது இராணுவத்தின் துப்பாக்கிச் சூடு. மூன்று பேர் செத்தார்கள், அதில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. சம்பளத்துக்காக அட்டன் மல்லியப்பு சந்தியில் வந்து உட்காருகிற நம் அம்மாமார் முன்னால் அதே துப்பாக்கியை நிறுத்தலாம் என்கிறீர்களா? வேலைநிறுத்தத்தைப் பேசித் தீர்க்கத் தொழில் திணைக்களம் இருக்கிறது, சம்பள நிர்ணய சபை இருக்கிறது.