‘மேட் இன் சைனா’ என்றால் போலி இல்லை
பெட்டியில் ‘மேட் இன் சைனா’ என்று இருந்தாலே அந்த அனிமே ஃபிகர் (ஜப்பானியக் கார்ட்டூன் பாத்திரத்தின் சிறு பொம்மை) போலி என்று சிலர் சொல்வது தவறு. குட் ஸ்மைல், ஆல்டர் போன்ற ஜப்பானிய நிறுவனங்களின் அசல் ஃபிகர்களில் பெரும்பாலானவை சீனாவில்தான் தயாராகின்றன. அந்தப் பேச்சை நம்பி நல்ல பொருளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

தரம் தெரிய வேண்டுமா, முகத்தைக் கிட்டத்தில் பாருங்கள். கண்ணின் அச்சு கோணாமல், கூர்மையாக விழுந்திருக்க வேண்டும். அப்புறம் முடி: நுனி மெலிந்து முடிகிறதா, துண்டுகள் சேரும் கோடு துருத்திக்கொண்டு தெரிகிறதா? காலரின் நிறம் கழுத்தில் வழிந்திருந்தால் அது வேலைக் குறை.

ஃபிகரின் மேல் வரும் பிசுபிசுப்பை வைத்தும் போலி என்று முடிவு கட்ட வேண்டாம். ஃபிகரின் பிவிசி பிளாஸ்டிக்கை மென்மையாக்கக் கலந்த பிளாஸ்டிசைசர் என்ற பொருள் கசிவதால் அசலிலும் அது வரும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மெதுவாகக் கழுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.