நாலு பேர் முன்னால் பல்பு வாங்கத் தயாரா?

அமெரிக்க ஹைஸ்கூல் காதல் காமெடி என்றாலே "டைம்பாஸ் படம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். விரும்பிப் பார்ப்பவர்களும் "அந்த வயசு ஞாபகம் வருது" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். லாக்கர், பிராம் என்னும் பள்ளி நடன விருந்து, மஞ்சள் ஸ்கூல் பஸ் எதையும் நேரில் பார்த்திராத நம் ஊர்க்காரர்களுக்கும் இந்தப் படங்கள் பிடிக்கின்றனவே, அதை எந்த ஞாபகக் கணக்கில் சேர்ப்பது? காரணம் இந்தப் படங்களின் கட்டுமானத்திலேயே இருக்கிறது. அதைச் சொல்ல முடிவுக் காட்சிகளைத் தொட்டே ஆக வேண்டும். கதை தெரியாமல் பார்க்க நினைப்பவர்கள் இங்கேயே நின்றுகொள்ளுங்கள்.

என் கட்சி இதுதான். இந்த வகைப் படத்தில் காதலை நிரூபிக்க ஒரே வழி, நாலு பேர் பார்க்க, தெரிந்தே, தன் கெத்தை விட்டுக்கொடுப்பது. பதினேழு வயதுக்காரரிடம் சம்பளம் இல்லை, வீடு இல்லை, ராத்திரி எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதைக்கூட அப்பாதான் முடிவு செய்கிறார். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இருப்பது பள்ளியில் தன்னைப் பற்றி மற்றவர்கள் வைத்திருக்கும் எண்ணம் மட்டும். அதை எடுத்து இன்னொருவர் காலடியில் வைத்தால் அங்கே அது பெரிய தியாகம். நல்ல படங்கள் இந்தக் கணக்கில் பைசா பிசகாது. சுமாரான படங்கள் கோட்டை விடுவதும் இங்கேதான்.

கணக்கு செல்லுபடியாக ஒரு மூடிய இடம் வேண்டும். அமெரிக்க ஹைஸ்கூல் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை நான்கு வருடம், வருடத்துக்குச் சுமார் 180 நாள், அதே முகங்கள். இன்று கேண்டீனில் தட்டோடு வழுக்கி விழுந்தால் நாளைக்கும் அதே கேண்டீனுக்குத்தான் போயாக வேண்டும். முப்பது வயதுக்காரர்களின் காதல் காமெடி திணறுவது இதனால்தான். நகரத்தில் வேலை பார்க்கும் இருவருக்கு யார் முன்னால் மானம் போகும்? வேலையை மாற்றலாம், வீட்டை மாற்றலாம், ஊரையே மாற்றலாம். அதனால்தான் அந்தப் படங்களின் திரைக்கதை கடைசியில் ஏர்போர்ட்டை நோக்கி ஓடுகிறது. பள்ளிக்கூடக் கதையில் ஓட இடமில்லை.

இந்தக் கணக்கைச் சுத்தமாகப் போட்ட படம் 1999-இல் வந்த ‘10 திங்ஸ் ஐ ஹேட் அபௌட் யூ’. கில் ஜங்கர் இயக்கம், 97 நிமிடம், ஷேக்ஸ்பியரின் ‘த டேமிங் ஆஃப் த ஷ்ரூ’ நாடகத்தைப் பள்ளிக்குள் கொண்டுவந்த கதை. பள்ளியாகக் காட்டப்படுவது வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரில் இருக்கும் ஸ்டேடியம் ஹைஸ்கூல். 1891-இல் ஹோட்டலாகக் கட்ட ஆரம்பித்து, தீப்பிடித்து, 1906-இல் பள்ளியாகத் திறந்த கோட்டை மாதிரியான கட்டடம். பெண்கள் இருவர் உள்ள வீடு. அக்கா கேட் யாரோடாவது டேட்டிங் போனால்தான் தங்கை பியாங்கா போகலாம் என்று அப்பா சட்டம் போடுகிறார். கேட்டை நெருங்கவே பையன்கள் பயப்படுகிறார்கள். தங்கையின் மேல் கண் வைத்த ஜோயி என்ற பணக்காரப் பையன், கேட்டைக் கூட்டிக்கொண்டு போக பேட்ரிக் என்பவனுக்குக் காசு கொடுக்கிறான். பேரம் 50 டாலரில் முடிகிறது. பிறகு ஒரு தடவைக்கு 100 என்று ஏறி, பிராமுக்கு 300 வரை போகிறது.

ஆரம்பத்தில் மைக்கேல் என்ற பையன் புதிதாக வந்த கேமரனுக்குப் பள்ளியைச் சுற்றிக் காட்டுகிறான். காபி குடிக்கும் கூட்டம் இது, கவ்பாய் கூட்டம் அது, எதிர்கால எம்பிஏக்கள் அங்கே. வேடிக்கையாகத் தெரியும் இந்தக் காட்சிதான் படத்தின் விலைப்பட்டியல். யாருக்கு எவ்வளவு மதிப்பு என்று முதல் பத்து நிமிடத்தில் தெரிந்தால்தான், பின்னால் யார் எவ்வளவு இழந்தார்கள் என்று நமக்கு உறைக்கும். பேட்ரிக்கின் கெத்து முழுக்க வதந்தியில் நிற்கிறது. உயிரோடு ஒரு வாத்தைத் தின்றவன், ஸ்பீக்கர் வாங்கக் கல்லீரலை விற்றவன் என்றெல்லாம் பேச்சு. உண்மையில் அவன் காணாமல் போன அந்த ஒரு வருடம் உடம்பு சரியில்லாத தாத்தாவோடு மில்வாக்கியில் உட்கார்ந்திருந்தான்.

பார்ட்டியில் குடித்த கேட், பிறகு காரில் அவனை முத்தமிடப் போகிறாள். அவள் போதையில் இருப்பதால் அவன் விலகுகிறான். செய்தது சரிதான். ஆனால் அவளுக்கு அது அவமானமாகிவிட்டது, பேச்சை நிறுத்திவிடுகிறாள். அப்போது மைக்கேல் ஒரு யோசனை சொல்கிறான். அவள் மானம் போயிற்று, நீயும் உன் மானத்தைப் பலி கொடு, கணக்கு நேராகிவிடும். படம் தன் சூத்திரத்தைத் தானே வாய்விட்டுச் சொல்லும் இடம் அது.

அடுத்து மைதானம். கேட் கால்பந்துப் பயிற்சியில் இருக்கிறாள். ஸ்பீக்கரில் பேட்ரிக்கின் குரல் கேட்கிறது. 1967-இல் ஃப்ராங்கி வாலி பாடிப் பிரபலமான காதல் பாட்டு. கேலரிப் படிக்கட்டில் மைக்கோடு ஆடிக்கொண்டு வருகிறான், பள்ளி பேண்டு வாத்தியமும் சேர்ந்துகொள்கிறது, காவலாளிகள் துரத்துகிறார்கள், ஒருவரின் பின்பக்கத்தில் தட்டிவிட்டு நழுவி, கடைசியில் மாட்டுகிறான். பேட்ரிக்காக நடித்த ஹீத் லெட்ஜரின் உடம்பில் இந்தக் காட்சிக்கு ஒரு தளர்வு இருக்கிறது. ஊரே பயந்த ரவுடி கூச்சத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆடுகிறான். நான் முக்கியமாக நினைப்பது அவன் செய்யாத ஒன்றை. பாட்டு முடிந்ததும் மைக்கை அவள் பக்கம் நீட்டவில்லை, "என்ன சொல்றே?" என்று எல்லார் முன்னாலும் கேட்கவில்லை. அவள் சிரிக்கலாம், சிரிக்காமல் திரும்பிப் போகலாம். செலவு முழுக்க அவனுடையது.

2018-இல் வந்த ‘லவ், சைமன்’ படத்தில் இதற்கு நேர் எதிரான காட்சி இருக்கிறது. அமெரிக்க ஃபுட்பால் மேட்ச் நடக்கும் மைதானம், மைக்கைப் பிடித்துக்கொண்டு மார்ட்டின் என்ற பையன் ஆபி என்ற பெண்ணிடம் காதலைச் சொல்கிறான். ஸ்டேடியமே அவள் வாயைப் பார்க்கிறது. அவள் மறுக்கிறாள், அவன் கூனிப்போகிறான், பார்க்கும் நமக்கே உட்கார முடியவில்லை. மைதானம், மைக், கூட்டம் எல்லாம் அங்கேயும் உண்டு. ஆனால் பேட்ரிக் தன் மானத்தைக் கொடுத்தான், மார்ட்டின் அவளுடைய பதிலை எல்லார் முன்னாலும் பறிக்கப் பார்த்தான். பள்ளியில் மண்டி போட்டு ப்ரபோஸ் பண்ணுவதை ரொமான்ஸ் என்று எழுதும் திரைக்கதையாளர்கள் இந்த இரண்டு காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சரி, பேட்ரிக் கொடுத்தாயிற்று. இது மொய் மாதிரி, வைத்தவருக்குத் திருப்பி வைத்தாக வேண்டும். டிடென்ஷனில், அதாவது தண்டனையாகப் பள்ளியில் உட்காரவைக்கப்பட்டு இருக்கும் அவன் ஜன்னல் வழியே தப்பிப்பதற்காக, கோச்சின் முன்னால் சட்டையைத் தூக்கிக் காட்டி அவர் கவனத்தைத் திருப்புகிறாள் கேட். அடுத்தது பிராம். அங்கே ஜோயி, காசு கொடுத்த விஷயத்தைப் போட்டு உடைக்கிறான். இந்த வகைப் படங்களில் ரகசியம் பிராமில் வெடிப்பது எழுத்தாளர்களின் சோம்பேறித்தனம் அல்ல. நான்கு வருடச் சாட்சிகள் அனைவரும் ஒரே ஹாலில் கூடும் கடைசி ராத்திரிகளில் ஒன்று அது. அங்கே போன மானத்தைப் பட்டமளிப்புக்கு முன் மீட்க நேரமில்லை.

அதற்குப் பிறகு வருவது வகுப்பறை. ஷேக்ஸ்பியரின் 141-ஆவது சானெட்டை (பதினான்கு வரிக் கவிதை) போலச் சொந்தமாக எழுதச் சொல்லியிருந்தார் ஆசிரியர். கேட் எழுந்து படிக்கிறாள். அவனிடம் தனக்குப் பிடிக்காதவற்றின் பட்டியல். கடைசி வரிகளில் குரல் உடைந்து, அழுதுகொண்டே வெளியே போகிறாள். யாரும் நெருங்க முடியாதவள் என்ற பெயர்தான் அவள் படம் முழுக்கக் காப்பாற்றி வந்த சொத்து. அதை முப்பது பேர் இருக்கும் வகுப்பில் கொட்டிவிட்டாள். கேட்டாக நடித்த ஜூலியா ஸ்டைல்ஸின் அந்த ஒரு நிமிடத்துக்காகவே இந்தப் படத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். அதன் பிறகு பேட்ரிக் கிட்டார் வாங்கித் தந்து சமாதானம் பேசுவது எனக்குக் குறையாகவே படுகிறது. அவள் மானத்தைக் கொடுத்தாள், அவன் ஜோயியின் காசைக் கொடுக்கிறான். படத்துக்கும் அது தெரிந்திருக்கிறது, தப்பு பண்ணும்போதெல்லாம் கிட்டார் வாங்கித் தர முடியாது என்று கேட் சொல்லிவிடுகிறாள்.

ஷேக்ஸ்பியரும் ஜேன் ஆஸ்டினும் இந்தப் பள்ளிகளுக்குள் இவ்வளவு எளிதாக நுழைவதற்கும் காரணம் இதுவே. அப்பாவின் அனுமதி, அந்தஸ்து, நடன இரவு, நாலு பேர் பேச்சு எல்லாம் அவர்கள் கதையில் உயிர்நாடி. இன்றைய அமெரிக்காவில் அத்தனையும் ஒருசேர மிஞ்சியிருக்கும் இடம் ஹைஸ்கூல். 1815-இல் வந்த ‘எம்மா’ நாவலை 1995-இல் ‘க்ளூலெஸ்’ ஆக்கினார் ஏமி ஹெக்கர்லிங். நாவலில் ஆட யாரும் கூப்பிடாமல் நிற்கும் ஹாரியட்டை நைட்லி ஆட அழைக்கிறார். படத்தில் தனியாக நிற்கும் டாய்க்காக, ஆட்டத்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத ஜாஷ் இறங்கி ஆடுகிறான். தூரத்திலிருந்து கதாநாயகி ஷேர் அதைக் கவனிக்கிறாள். அவள் மனம் எங்கே திரும்பியது என்று கேட்டால் நான் அந்த நடனத்தைத்தான் காட்டுவேன்.

கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1986-இன் ‘ப்ரெட்டி இன் பிங்க்’. ஜான் ஹ்யூஸ் எழுதி ஹோவர்ட் டாய்ச் இயக்கியது. ஏழைப் பெண் ஆன்டி, பணக்காரப் பையன் பிளேன், ஆன்டியையே சுற்றும் நண்பன் டக்கி. நண்பர்களின் கேலிக்குப் பயந்து பிளேன் பிராம் அழைப்பிலிருந்து நழுவுகிறான். டக்கியோ ரெக்கார்டு கடையில் ஓடிஸ் ரெட்டிங் பாட்டுக்கு வாயசைத்துத் தரையில் புரண்டு ஆடித் தன் மானத்தை எப்போதோ செலவழித்துவிட்டான். முதலில் எடுத்த முடிவில் ஆன்டி டக்கியோடுதான் சேர்ந்தாள். சோதனைத் திரையிடலில் பார்வையாளர்களுக்கு அது பிடிக்காததால் முடிவைத் திரும்ப எடுத்தார்கள். அதற்குள் பிளேனாக நடித்த ஆன்ட்ரூ மெக்கார்த்தி நாடகம் ஒன்றுக்காக முடியை வெட்டியிருந்ததால், புது முடிவில் விக்கோடு நிற்கிறார். பிளேன் பிராமுக்குத் தனியாக வந்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போய்விடுகிறான். பிறகு பார்க்கிங்கில், கூட்டம் இல்லாத இடத்தில் முத்தம். எந்தக் கூட்டத்துக்குப் பயந்து விட்டுப்போனானோ அந்தக் கூட்டத்தின் முன்னால் அவன் எதையும் இழக்கவில்லை. டக்கி ரசிகர்கள் இன்றுவரை ஆறாததற்கு அவர்களின் அனுதாபம் மட்டும் காரணமில்லை, திரைக்கதையில் கடன் பாக்கி நிற்கிறது.

அதே ஹ்யூஸ், அதே டாய்ச், அடுத்த வருடமே ‘சம் கைண்ட் ஆஃப் வொண்டர்ஃபுல்’ எடுத்தார்கள். ஆணும் பெண்ணும் இடம் மாறிய அதே முக்கோணம். டிரம்ஸ் வாசிக்கும் வாட்ஸ், தான் நேசிக்கும் கீத் இன்னொரு பெண்ணோடு டேட்டிங் போக, அவர்களுக்கே டிரைவராகக் கார் ஓட்டுகிறாள். அவ்வளவு கொடுத்தவளுக்கு முடிவில் உரியது கிடைக்கிறது.

யார் செலவில் சிரிக்கிறோம் என்ற கேள்வியில் தோற்ற படம் 1984-இன் ‘சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்’. வெளிநாட்டிலிருந்து வந்த ஆசிய மாணவன் திரையில் வரும்போதெல்லாம் கோங் சத்தம். சுயநினைவில்லாத பெண்ணைக் கதாநாயகன் இன்னொரு பையனோடு காரில் அனுப்பிவைப்பது நகைச்சுவை. அதில் நடித்த மாலி ரிங்வால்டே 2018-இல் ‘த நியூயார்க்கர்’ இதழில் இந்தப் படங்களை மறுபடி பார்த்துக் கடுமையாகக் கேள்வி கேட்டார். காலம் மாறிவிட்டது என்று மட்டும் சொன்னால் போதாது. மானத்தைத் தானாகக் கொடுப்பவரைப் பார்த்துச் சிரிக்கலாம். பறிகொடுத்தவரைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னால் படம் கெட்டுப்போகும், அது எந்த வருடப் படமானாலும்.

‘லவ், சைமன்’ இந்த வித்தியாசத்தைக் கதையின் நடுவிலேயே வைத்தது. சைமன் தன்பாலீர்ப்பாளர் என்பதை அதே மார்ட்டின் அம்பலப்படுத்திவிடுகிறான். எப்போது, யாரிடம், எப்படிச் சொல்வது என்பது தன் உரிமையாக இருந்தது என்று சைமன் அவனிடம் வெடிக்கிறான். முடிவில் திருவிழா ராட்டினத்தில், முகம் தெரியாத காதலனுக்காகக் கூட்டத்தின் முன்னால் சுற்றிச் சுற்றிக் காத்திருக்கிறான். டிக்கெட் தீர்ந்துவிடுகிறது. இன்னொரு சுற்றுக்குக் காசு கொடுப்பது மார்ட்டின். அவன் பாக்கியும் அங்கே கொஞ்சம் அடைகிறது.

இப்போது எழுதுபவர்களுக்குப் பெரிய தலைவலி செல்போன். முன்பு ஒரு வாரத்தில் ஆறிவிடும் அசிங்கம், வீடியோவாகிவிட்டால் ஆறாது, சிரிப்பும் வராது. 2018-இன் ‘டு ஆல் த பாய்ஸ் ஐ’வ் லவ்ட் பிஃபோர்’ இதைச் சாமர்த்தியமாகச் சமாளித்தது. கதையை ஆரம்பித்து வைப்பது லாரா ஜீன் என்ற பெண் கையால் எழுதிய ஐந்து காதல் கடிதங்கள். தபாலில் போனதை டெலிட் பண்ண முடியாது. ஹாட் டப் (வெந்நீர்த் தொட்டி) வீடியோ இன்ஸ்டாகிராமில் பரவுவதை மட்டும் வேடிக்கையாக்காமல் காயமாகவே காட்டினார்கள். முடிவில் கார் ஓட்டப் பயப்படும் லாரா ஜீன், தானே ஓட்டிக்கொண்டு லக்ராஸ் என்ற விளையாட்டின் மைதானத்துக்கு வருகிறாள். அவளைப் பொறுத்தவரை அது பெரிய விலை, ஆரம்பத்திலேயே அதை நமக்குச் சொல்லிவைத்திருந்தார்கள்.

படம் அல்ல, தொடர் என்றாலும் 2020-இல் தொடங்கிய ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ இந்த வகையில்தான் சேரும். லாஸ் ஏஞ்சல்ஸில் வளரும் தமிழ்ப் பெண் தேவி. நடித்தவர் கனடாவின் மிசிசாகாவில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பெண் மைத்ரேயி ராமகிருஷ்ணன். தேவிக்குப் பார்வையாளர் கூட்டம் இரண்டு. பள்ளி ஒன்று, கணபதி பூஜைக்கு வரும் ஆன்ட்டிகள் இன்னொன்று. ஓரிடத்தில் கெத்தாக இருப்பது இன்னோரிடத்தில் மானக்கேடு. இந்த இரட்டைக் கணக்கு அமெரிக்கக் காமெடிக்குப் புதிது, நமக்கு ரொம்பப் பழக்கம்.

புதிதாகப் பார்க்க ஆரம்பிப்பவர்கள் 1999 படத்தில் தொடங்குங்கள். அடுத்து ஹ்யூஸின் 1986, 1987 படங்களை அடுத்தடுத்த நாளில் பாருங்கள், ஒரே எழுத்தாளர் தன் முடிவைத் தானே திருத்துவது தெரியும். முதல் பத்து நிமிடத்தில் யாரிடம் இழக்க என்ன இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ‘ப்ரெட்டி இன் பிங்க்’ முடிவில் பிளேன் தேர்வானது சரியே என்று நினைப்பவர்கள் இங்கே இருப்பீர்கள். அவன் பிராமில் எதை இழந்தான் என்று மட்டும் கமென்டில் சொல்லுங்கள், பேசலாம்.